தேதி தெரியாதவர்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குப் பிரசங்கி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாற்பத்திரண்டு வயது, பதினேழு வருஷ சர்வீஸ். மோட்டார், பிரேக், கயிறு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதில் ஒரே ஒரு சிக்கல். கதவைத் திறப்பதற்கு முன்னால் அவன் ஒரு கேள்வி கேட்பான்.

"இந்த நிமிஷமே உங்க உயிர் போச்சுன்னா, எங்க போவீங்கன்னு நிச்சயமா தெரியுமா?"

லிஃப்டுக்குள் அடைபட்டு வேர்த்து வழிந்துகொண்டிருக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவனிடம் நியாயம் தயாராக இருந்தது. உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பயம் தெளியும் என்று பயிற்சியில் கம்பெனியே சொல்லிக்கொடுத்திருக்கிறது. என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை. மற்ற மெக்கானிக்குகள் வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசினார்கள். இவன் இரட்சிப்பைப் பற்றிப் பேசினான்.

வேலை முறை இப்படி. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மொட்டைமாடியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கை நெம்பித் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைப் பக்கத்து மாடிக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு அந்த மாடிக்கு இறங்கி, கதவின் மேற்புறத்துத் துளையில் முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். சாவியைப் போடுவதற்கும் திருப்புவதற்கும் நடுவில்தான் அவனுடைய ஊழியம். இரண்டு நிமிஷம், மிஞ்சிப்போனால் மூன்று. கதவிடுக்கில் வாயை வைத்துக் கேள்வி கேட்பான். உள்ளே இருப்பவர் திணறுவார். "அப்ப என் பின்னால சொல்லுங்க" என்று ஒரு சின்ன ஜெபத்தை வரிவரியாகச் சொல்லுவான். அவர்களும் சொல்லுவார்கள். கதவு திறக்கும் என்றால் மனுஷர்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்?

இப்படி நாற்பத்தொரு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவன் எழுந்து நின்றால் சபையே நிமிர்ந்து உட்காரும். அந்த நாற்பத்தொரு பேரில் சபைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவரும் லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, போன் செய்தால் கம்பெனியில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தார்.

அவனைப் போலி என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையாகவே நம்பினான். நம்பியதால்தான் பயந்தான். அவனுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு தேதி இருக்க வேண்டும். எந்த நாள், எந்த இடத்தில் மனம் திரும்பினேன் என்று கேட்டவுடனே சொல்லத் தெரிய வேண்டும். தேதியை வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். தேதி சொல்லத் தெரியாதவர் எத்தனை வருஷம் கோயிலுக்குப் போயிருந்தாலும் இன்னும் வெளியே நிற்பவர்தான். அவனுக்கும் ஒரு தேதி இருந்தது. பத்தொன்பது வயதில், ஒரு பந்தல் கூட்டத்தில், கையைத் தூக்குங்கள் என்றபோது தூக்கினான். ஆனால் பக்கத்தில் இருந்த சிநேகிதன் முதலில் தூக்கினான், அதைப் பார்த்துத்தான் இவன் தூக்கினான். அப்போது உள்ளே ஏதாவது நடந்ததா? இருபத்துமூன்று வருஷமாக அதே கேள்வி. விதை முளைத்துவிட்டதா என்று தினமும் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவனைப் போல, அதே ஜெபத்தைத் திரும்பத் திரும்ப ரகசியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், ஒருவேளை முதல் தடவை சேரவில்லையோ என்று. பெண்டாட்டிக்குக்கூட இது தெரியாது. அடுத்தவனைக் கரை சேர்க்கிறவன் தானே மூழ்கிப்போவானா என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே ஆறுதல். ஆள் சேரச் சேர, கொஞ்ச நாளைக்கு நிம்மதியாக இருக்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே வயதானவர் ஒருவர் இருக்கிறார் என்று தகவல் வந்தது. கூட வருகிற ஆள் அன்றைக்கு லீவு. தனியாகப் போனான். மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை நான்காம் மாடியில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கி வந்து சாவியைத் துளையில் போட்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பத்து இருபது. வேலைச் சீட்டில் நேரம் எழுதுகிற பழக்கம்.

"ஐயா, பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்."

"பயமெல்லாம் இல்ல தம்பி." குரல் தாழ்வாக, நிதானமாக வந்தது. "மூச்சுதான் கொஞ்சம் முட்டுது."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருமே மூச்சு முட்டுகிறது என்றுதான் சொல்வார்கள். பதினேழு வருஷத்தில் அவன் கேட்காத மூச்சுமுட்டலா?

"இதோ திறந்துடறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்விங்கய்யா." கேட்டான்.

உள்ளே லேசாகச் சிரிக்கிற சத்தம் வந்தது. "ஆண்டவர்கிட்டதான் போவேன். வேற எங்க போறது?"

அந்த இடத்தில் சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். யாரும் அவனுக்கு இப்படிப் பட்டென்று பதில் சொன்னதில்லை. ஆனால் அவனுக்குச் சந்தேகம் தட்டியது. ஆண்டவர் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

"நிச்சயமா தெரியுமா ஐயா?"

"தெரியும் தம்பி."

"அப்ப, எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?"

"தேதியா?" என்றார் அவர். "தேதியெல்லாம் தெரியாதுப்பா. கைக்குழந்தையா இருக்கும்போதே ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்... எப்பவும் கூடவேதான் இருக்கார். இல்லாத நாள்னு ஒண்ணு எனக்கு ஞாபகம் இல்ல."

பிரசங்கிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மெழுகுவத்தி ஏற்றுகிற பழைய கோயில் ஆள். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்கிற கூட்டம். இவர்கள்தான் ரொம்ப ஆபத்தில் இருப்பவர்கள் என்று பாஸ்டர் வாய்க்கு வாய் சொல்லுவார்.

"ஐயா, அது செல்லாதுங்க. குழந்தைக்கு என்ன தெரியும்? நீங்களா ஒரு நாள் தீர்மானம் எடுத்திருக்கணும்."

"தம்பி, கதவைத் திறப்பா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு நிமிஷம்ங்கய்யா. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

சொன்னான். குழந்தை ஞானஸ்நானம் ஏன் செல்லாது என்று சொன்னான், பரம்பரைக் கிறிஸ்தவம் ஏன் உதவாது என்று சொன்னான், நிச்சயம் இல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்று சொன்னான். நிச்சயம் வேண்டும், நிச்சயம் வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவனுடைய குரலே நடுங்கியது. கை சாவியின் மேலேயே இருந்தது. உள்ளே இருந்து இடையிடையே, "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் வந்தது.

"அப்ப என் பின்னால சொல்லுங்க. ஆண்டவரே, நான் பாவி."

"ஆண்டவரே..." நீண்ட மூச்சு. "நான் பாவி."

வரி வரியாகச் சொன்னான். அவரும் வரி வரியாகச் சொன்னார். வரிகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அழுகிறார் என்று நினைத்தான் பிரசங்கி. அவனுக்கும் கண் கலங்கியது. கடைசி வரியையும் அவர் சொல்லிவிட்டார். ஆமென் மட்டும் வரவில்லை. மனசு உடைந்திருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று காத்திருந்தான். அவன் ஆமெனுக்காகக் காத்திருந்தான் என்பதைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அவனால் நம்ப முடியவில்லை.

திறந்தபோது அவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. கையில் ரொட்டிப் பொட்டலம். நெஞ்சை அழுத்திப் பார்த்தான், வாயில் ஊதிப் பார்த்தான், காவலாளியைக் கூப்பிட்டுக் கத்தினான். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் ஏற்றும்போது எதேச்சையாகக் கடிகாரத்தில் கண் பட்டது. கதவைத் திறந்த நேரத்தைக் கணக்குப் போட்டான். பத்து முப்பத்தொன்று. பதினொரு நிமிஷம்.

சூப்பர்வைசர் மறுநாள் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பத்து இருபதுக்குப் பெட்டி மாடிக்கு வந்துவிட்டது, திறந்தது பத்து முப்பத்தொன்று, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாவி சிக்கிக்கிச்சுன்னு எழுதிடு. பழைய கதவு. யாரும் கேக்க மாட்டாங்க. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எழுதினான். பூசி மெழுகின காகிதத்தில் கையெழுத்தும் போட்டான்.

பாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். "கடைசியா அவர் ஜெபம் பண்ணினார் பாஸ்டர்" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மீதியைச் சொல்ல அவர் விடவில்லை. இருக்கையை விட்டு எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே, சாவின் வாசலில் நின்ற ஒரு ஆத்துமாவைக் கர்த்தர் நம் சகோதரனைக் கொண்டு பறித்தெடுத்தார் என்று முந்நூறு பேர் முன்னால் அறிவித்தார். சபை அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவனுடைய பெண்டாட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவன் உட்கார்ந்தே இருந்தான். நாற்பத்திரண்டாவது ஆத்துமா. கொஞ்ச நாளைக்கு வருகிற நிம்மதி இந்தத் தடவை வரவேயில்லை.

பத்து நாள் கழித்து, செத்துப்போனவரின் மனைவி ஆள் அனுப்பினார். கடைசியாகக் கூட இருந்தவரைப் பார்க்க வேண்டுமாம். "போய் ஆறுதல் சொல்லிட்டு வாங்க பிரதர்" என்றார் பாஸ்டர். "உங்க வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட்டுதான் போனார்னு சொல்லுங்க. அதைவிட ஒரு பொம்பளைக்கு வேற என்ன வேணும்?"

அந்த அம்மாளின் வீடு அதே குடியிருப்பில் ஐந்தாம் மாடி. அவன் படியேறிப் போனான். அறுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான அம்மாள், கண் இமைகள் வீங்கியிருந்தன. அவனை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மேஜை மேல் தைத்தும் ஒட்டியும் வைத்த ஒரு வேதப்புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் கைபட்டுக் கறுத்திருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாரா தம்பி?"

"சொன்னாரும்மா." பாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். "நீங்க கவலையே படாதீங்க. கடைசி நிமிஷத்துல அவர் ஆண்டவரை ஏத்துக்கிட்டார்."

அம்மாள் புரியாமல் பார்த்தார். "ஏத்துக்கிட்டாரா? யாரை?"

"ஆண்டவரைம்மா. நான் ஜெபத்தைச் சொல்லிக்குடுத்தேன். என் பின்னாலயே சொன்னார்."

"தம்பி, அவர் நாலு மணிக்கு எழுந்திரிச்சு முழங்கால் போடற மனுஷன். நாப்பது வருஷமா பாத்துட்டு இருக்கேன். முட்டி ரெண்டும் தேஞ்சுபோய் டாக்டர் திட்டினார், கட்டில்ல உக்காந்து ஜெபம் பண்ணக் கூடாதான்னு. பக்கத்து வீட்டுல சண்டைன்னா அவங்களுக்காக அழுவார். என்னோட சண்டை போட்டுட்டு எனக்காகவும் அழுவார்." அவர் நிறுத்தினார். "நீ எதுக்கு அவருக்கு ஜெபம் சொல்லிக்குடுத்தே?"

"தேதி கேட்டேம்மா. அவருக்குத் தெரியல."

"தேதியா? எங்க கல்யாணத் தேதியே அவருக்கு ஞாபகம் இருக்காது. வருஷா வருஷம் நான்தான் சொல்லணும்." சிரிக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகக் கூடி வந்தது. "நீ எப்ப கேட்டே? கதவைத் திறந்தப்புறமா?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. கம்பெனியே ஒரு பொய்யை எழுதி வைத்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அவனுடைய வாழ்க்கையில் துணிச்சலாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

"முன்னாடிம்மா. சாவியைப் போட்டுட்டேன். திருப்பல."

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிஷம்."

வெளியே யாரோ மாடிப்படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று சொன்னதை அம்மாள் அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவனே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைக் கேட்டவன்தான்.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலம்மா. அவர் ஜெபம் பண்ணினதை மட்டும் சபையில சொல்லிட்டாங்க."

"சபையிலயா? எத்தனை பேர் முன்னால?"

"முந்நூறு பேர் இருப்பாங்க."

"முந்நூறு பேர்கிட்ட, என் வீட்டுக்காரர் ஆண்டவரைத் தெரியாம இருந்தார், கடைசியில நீ வந்து காப்பாத்தினேன்னு சொல்லிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. "மீதியையும் அங்கயே போய் சொல்லு. வர்ற ஞாயிற்றுக்கிழமை. நான் வந்து கேப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவன் மேடையேறி நின்றான். கடைசி வரிசையில் வெள்ளைப் புடவையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் இருந்த பெண்டாட்டி அவனைப் பார்த்துச் சிரித்தாள். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாது.

சுருக்கமாகத்தான் சொன்னான். அலங்காரமாகப் பேசிப் பழகின வாய் அன்றைக்குத் தடுமாறியது. பெட்டி மாடிக்கு வந்துவிட்டது, சாவியும் போட்டாகிவிட்டது, அவர் நெஞ்சு வலி என்று சொன்னார், நான் திறக்கவில்லை, பதினொரு நிமிஷம் திறக்கவில்லை. அவர் எனக்கு முன்னாலேயே விசுவாசி. நிச்சயமாகத் தெரியும் என்று சொன்னார். நான்தான் நம்பவில்லை, நிச்சயம் வேண்டும், நிச்சயம் வேண்டும் என்று நடுங்கிக்கொண்டே பேசினேன். "எனக்கு அந்த நிச்சயம் இல்ல" என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. "இருபத்துமூணு வருஷமா இல்ல. அதனாலதான் அவர்கிட்ட இருந்ததை என்னால நம்ப முடியல. அவர் என்னாலதான் செத்தார்."

பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். ஏதோ ஒன்று கடைசியில் வெடிக்கப் போகிறது என்று அவன் எதிர்பார்த்தான். வெளியே போ என்று சொல்லட்டும், கையை ஓங்கட்டும். அதற்குத்தான் நின்றான்.

பாஸ்டர் எழுந்து மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா சபையே, நம்ம பிரதரோட தாழ்மையை!" என்றார். "பிசாசு எப்படிக் குற்றப்படுத்தறான் பாருங்க. நான் சொல்றேன், அந்தப் பதினொரு நிமிஷமும் கர்த்தர் குடுத்தது. ஒரு ஆத்துமாவுக்காகக் காலத்தையே நிறுத்தி வெச்சார்! பிரதர், உங்களை அவர் மன்னிச்சுட்டார். இன்னைக்கே, இப்பவே மன்னிச்சுட்டார்!"

யாரோ அல்லேலூயா என்றார்கள். ஒரு கைதட்டல் கேட்டது, பிறகு முந்நூறு கைதட்டல். அவன் கையை ஆட்டி, இல்லை இல்லை என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். கைதட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்தார்.

"அவர் கதவைத் திறக்கச் சொன்னார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாஸ்டர் ஒரு கணம் தயங்கினார். அனுபவசாலி, சமாளித்துக்கொண்டார். "துக்கத்துல இருக்கிற இந்த அம்மாவுக்காக எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவோம்." முந்நூறு பேரும் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். சத்தம் கூரையைத் தொட்டது. அந்த மண்டபத்தில் இரண்டு பேர் மட்டும் கண்ணை மூடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவன் மேடையிலிருந்து இறங்கி ஓடினான். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தான்.

"எல்லாரும் உன்னை மன்னிச்சுட்டாங்க போல இருக்கு" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே.

"நான் கேக்கலம்மா. அவங்களா குடுத்துட்டாங்க."

"என்னை யாரும் கேக்கல."

"கேக்கற தகுதி எனக்கு இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெஞ்சு வலியோட, மூச்சு வாங்கிட்டு, அந்த ஜெபத்தை ஏன் அவர் கடைசி வரைக்கும் சொன்னார்? திட்டியிருக்கலாமே. கதவை உதைச்சிருக்கலாமே. கதவு திறக்கட்டும்னுதான் சொன்னாரா?"

அம்மாள் இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரும் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

"நீ நடுங்கிட்டே பேசினேன்னு சொன்னே இல்ல, அவருக்கு அது கேட்டிருக்கும். நிச்சயம் வேணும், நிச்சயம் வேணும்னு வெளியில ஒருத்தன் அழுதுட்டு நிக்கறான்னு தெரிஞ்சிருக்கும். அவருக்கு அந்த ஜெபம் தேவைப்படல தம்பி. உனக்குத் தேவைப்பட்டுச்சு. அதான் கூடவே சொன்னார். உன்னை அங்கயே, உள்ள இருந்தே மன்னிச்சுமிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆளு."

பஸ் வந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துப் படியில் கால் வைத்தார்.

"நான் அவர் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.